கணக்கை ஓரிடத்தில் வைத்த மேதை எட்கர் காட்

மதுரையில் மல்லிகைப் பூவின் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். நேரத்துக்கு நேரம் மாறும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு வியாபாரி காலை 6 மணிக்குப் பலகையில் விலை எழுதி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மணிக்குள் விலை இரண்டு மடங்காக ஏறிவிடுகிறது. வேலை மும்முரத்தில் பலகையை மாற்ற அவர் மறந்துவிடுகிறார்.

உசிலம்பட்டியில் இருந்து மகள் கல்யாணத்துக்குப் பூ வாங்க ஒரு தாய் வருகிறாள். பலகையைப் பார்க்கிறாள். கையில் இருக்கும் பணம் போதும் என்று நம்பி உள்ளே போகிறாள். கடைசியில் பாதிப் பூவோடுதான் திரும்புகிறாள்.

பலகை பொய் சொல்லவில்லை. காலை 6 மணிக்கு அது உண்மை. 10 மணிக்கு அது பழைய உண்மை. பழைய உண்மை சில சமயம் பொய்யைவிடக் கெடுதல் செய்துவிடும். ஏனென்றால் அதை யாரும் சந்தேகப்படுவது இல்லை.

இன்று பாங்கிக் கணக்கு, ரெயில் டிக்கெட், நிலத்தின் பட்டா, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் வந்துவிட்டன. அந்தத் திரையும் ஒரு பலகைதான். உள்ளே கணக்கு மாறும்போது திரையும் மாற வேண்டும். மாறாவிட்டால் அந்தத் தாய்க்கு நேர்ந்ததுதான் எல்லோருக்கும் நேரும்.

உள்ளே இருக்கும் கணக்கு வேறு, வெளியே தெரியும் காட்சி வேறு என்று பிரித்து, அதற்குக் கணித முறையில் அஸ்திவாரம் போட்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் எட்கர் காட்.

ஏழாவது பிள்ளை

இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லண்டு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்கே 1923-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எட்கர் பிறந்தார்.

தந்தை தோல் தொழில் செய்தவர். தாய் பள்ளிக்கூட ஆசிரியை. குடும்பத்தில் 7 பிள்ளைகள். எட்கர்தான் கடைக்குட்டி.

படிப்பில் சூட்டிகையான பையன். உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலில் ரசாயனம் படித்தார். பிறகு கணிதம் படித்தார்.

அப்போது இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. எட்கர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விமானப் படையில் சேர்ந்தார். கடற்கரைக் காவல் பிரிவில் விமானி ஆனார். அவர் ஓட்டியது 'சண்டர்லாந்து' என்ற பெரிய விமானம். அது தண்ணீரிலேயே இறங்கும், தண்ணீரில் இருந்தே மேலே எழும்பும்.

போர் முடிந்தது. எட்கர் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பினார். விட்ட இடத்தில் இருந்து படித்துப் பட்டம் பெற்றார்.

துணிக்கடையில் வேலை

1948-ம் ஆண்டு அவர் அமெரிக்காவுக்குப் போனார். முதலில் நியூயார்க் நகரில் இருந்தார். மேசீஸ் என்ற பெரிய கடையில் கொஞ்ச காலம் ஆண்களுக்கான துணி விற்றார். பிறகு டென்னசி பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தார்.

1949-ல் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குக் கணக்குப் போடச் சொல்லிக் கொடுக்கும் வேலை எட்கருக்கு.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி பலரைக் கம்யூனிஸ்டுகள் என்று குற்றம் சாட்டி ஆட்டிப் படைத்தார். எட்கருக்கு இது பிடிக்கவில்லை. 1953-ல் வேலையை விட்டுவிட்டுக் கனடா நாட்டுக்குப் போய்விட்டார். தனக்குச் சரி என்று பட்டதற்காக நல்ல உத்தியோகத்தையே உதறியவர் அவர். பின்னாளிலும் இந்தக் குணம் மாறவில்லை.

1957-ல் மீண்டும் ஐ.பி.எம். கம்பெனிக்கு வந்தார். வயது 40-ஐ நெருங்கும்போது மறுபடியும் மாணவர் ஆனார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்து 1965-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு கலிபோர்னியாவில் உள்ள சான் ஓசே நகரத்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு மாறினார். அவருடைய பெயரை உலகம் அறியச் செய்த வேலை அங்கேதான் நடந்தது.

ஒரே பெயர், நான்கு ஏடுகள்

சந்திரனுக்கு மனிதனை அனுப்ப அமெரிக்கா முயன்ற காலம் அது. ராக்கெட்டின் எண்ணற்ற உதிரிப் பாகங்களுக்குக் கணக்கு வைக்க ஐ.பி.எம். ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தது. அதன் பெயர் ஐ.எம்.எஸ். அது பெரிய சாதனைதான். ஆனாலும் அதில் ஒரு சிரமம் இருந்தது.

கணக்குகள் மரத்தின் கிளைகள் போல ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். ஒரு விவரம் வேண்டும் என்றால், எந்தக் கிளை வழியாக இறங்க வேண்டும் என்று புரோகிராம் எழுதுபவருக்குத் தெரிய வேண்டும். கிளையை மாற்றி அமைத்தால் புரோகிராமையும் திருத்தி எழுத வேண்டும். ஒரே விவரத்தைப் பல இடங்களில் எழுதி வைக்கும் நிலையும் வரும்.

பல இடங்களில் எழுதி வைத்தால் என்ன கெட்டுவிடும்? நம் கிராமத்தை எடுத்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் 1980-ம் ஆண்டு வரை கர்ணம் என்ற கணக்குப்பிள்ளை இருந்தார். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு விவசாயியின் பெயர் நான்கு ஏடுகளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிலத்துக்கு ஓர் ஏடு. பயிருக்கு ஓர் ஏடு. வரி பாக்கிக்கு ஓர் ஏடு. கடனுக்கு ஓர் ஏடு.

அந்த விவசாயி நிலத்தை விற்றுவிடுகிறார். கணக்குப்பிள்ளை முதல் ஏட்டில் பெயரை மாற்றுகிறார். மற்ற மூன்றையும் மாற்ற மறந்துவிடுகிறார். என்ன ஆகும்? நிலத்தை விற்றவருக்கு வரி கேட்டு நோட்டீசு வரும். நிலத்தை வாங்கியவருக்குக் கடன் கிடைக்காது. இருவரும் கச்சேரிக்கு நடையாய் நடப்பார்கள். நான்கு ஏடுகளும் நான்கு விதமாகச் சாட்சி சொல்லும். எது உண்மை என்று யார் சொல்வது?

1970-ல் வந்த கட்டுரை

1969-ம் ஆண்டு எட்கர் தம் கம்பெனிக்கு உள்ளேயே ஒரு கட்டுரை வெளியிட்டார். 1970 ஜூன் மாதம் அதை விரிவாக்கி அமெரிக்கக் கம்ப்யூட்டர் சங்கத்தின் மாத இதழில் வெளியிட்டார். 11 பக்கம்தான். அந்தப் 11 பக்கம் உலகத்தின் கணக்கு முறையையே மாற்றிவிட்டது.

அவர் சொன்னது எளிது. விவரங்களை எல்லாம் சாதாரண அட்டவணைகளாக எழுது. விவசாயியின் பெயரை ஒரே ஓர் அட்டவணையில் எழுதி, அவருக்கு ஓர் எண் கொடு. மற்ற அட்டவணைகளில் பெயர் வேண்டாம், எண் போதும். பெயரோ முகவரியோ மாறினால் ஓர் இடத்தில் திருத்தினால் தீர்ந்தது. எல்லா இடத்திலும் அது திருந்திவிடும்.

என்ன வேண்டும் என்று மட்டும் மனிதன் கேட்கட்டும். எந்த வழியாகத் தேடுவது என்பதை யந்திரம் பார்த்துக்கொள்ளட்டும். இதுவும் அவர் சொன்னதுதான்.

ஒரே விவரம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றுக்கொன்று முரண்படும் ஆபத்து உண்டு என்பதையும் அதே கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டினார். ஒன்றில் இருந்து மற்றொன்றைக் கணக்கிட்டு எடுக்க முடியும் என்றால், இரண்டையும் எழுதி வைப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்பது அவர் கருத்து.

எந்த வாசலில் நுழைந்தாலும்

இந்த அட்டவணை முறையில் இருந்து பிறந்ததுதான் 'வியூ' என்பது. வியூ என்றால் காட்சி. அதற்கென்று தனி ஏடு கிடையாது. கேட்கும்போது, உள்ளே இருக்கும் அட்டவணைகளைச் சேர்த்துக் காட்டும் ஜன்னல் அது.

வரி வசூலிப்பவருக்கு ஒரு வியூ. கடன் கொடுப்பவருக்கு ஒரு வியூ. விவசாயிக்கு ஒரு வியூ. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை மட்டும் பார்ப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் பின்னால் இருக்கும் கணக்கு ஒன்றே.

மீனாட்சி அம்மன் கோவிலில் கிழக்குக் கோபுர வாசல் வழியாகவும் போகலாம், மேற்குக் கோபுர வாசல் வழியாகவும் போகலாம். உள்ளே இருக்கும் அம்மன் ஒருத்திதான். அதுபோலத்தான் இதுவும்.

சொந்த வீட்டில் எதிர்ப்பு

இவ்வளவு நல்ல யோசனையை எட்கரின் கம்பெனி உடனே ஏற்றுக்கொண்டதா? இல்லை.

ஐ.எம்.எஸ். நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. விற்கும் சரக்கை விட்டுவிட்டுப் புதுச் சரக்குக்குப் போக வியாபாரிக்கு மனம் வருமா? அட்டவணை முறை ஏட்டுக்குத்தான் அழகு, வேகமாக ஓடாது என்று பல நிபுணர்கள் சொன்னார்கள்.

எட்கர் விடவில்லை. 1974-ல் ஒரு மாநாட்டில் பழைய முறையின் பெரிய தலைவரான சார்லஸ் பாக்மனோடு அவர் வாதம் நடத்தினார். பாக்மன் அதற்கு முந்தைய ஆண்டுதான் கம்ப்யூட்டர் உலகின் மிகப் பெரிய பரிசான டூரிங் பரிசு வாங்கியவர். அப்படிப்பட்டவரோடு மோத எட்கர் தயங்கவில்லை.

கடைசியில் ஐ.பி.எம். இறங்கி வந்தது. 'சிஸ்டம் ஆர்' என்ற பெயரில் சான் ஓசே ஆராய்ச்சிக்கூடத்திலேயே சோதனை நடந்தது. டொனால்டு சாம்பர்லின், ரேமண்டு பாய்ஸ் என்ற இருவர் கேள்வி கேட்பதற்கு ஒரு மொழி உண்டாக்கினார்கள். அதுதான் இன்று உலகம் முழுவதும் வழங்கும் எஸ்.கியூ.எல். வியூக்களும் அந்தச் சோதனையில் உருவெடுத்தன.

அதற்குள் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். எட்கர் வழியில் உருவான ஆரக்கிள் என்ற சரக்கு 1979-லேயே கடைக்கு வந்துவிட்டது. ஐ.பி.எம். கம்பெனியின் சரக்கு 1981-ல்தான் வந்தது.

அதே 1981-ம் ஆண்டு எட்கருக்கும் டூரிங் பரிசு கிடைத்தது.

ஆறாவது விதி

1984-ல் எட்கர் ஐ.பி.எம். கம்பெனியை விட்டு விலகினார். அப்போது சந்தையில் ஒரு வேடிக்கை நடந்தது. எந்தச் சரக்கை எடுத்தாலும் அது காட் முறைப்படி செய்தது என்று விளம்பரம் செய்தார்கள். உள்ளே பார்த்தால் பழைய முறைதான் இருக்கும்.

எட்கருக்குக் கோபம் வந்தது. 1985-ல் ஒரு வாரப் பத்திரிகையில் விதிகளை வரிசையாக எழுதினார். அவை 12 விதிகள் என்று பெயர் பெற்றன. இந்த விதிகளுக்குப் பொருந்தினால்தான் அது உண்மையான அட்டவணை முறை என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அவற்றில் ஆறாவது விதி வியூ பற்றியது. ஒரு வியூவின் வழியாக உள் கணக்கைத் திருத்துவது கொள்கை அளவில் முடியும் என்றால், யந்திரமும் அதைச் செய்து காட்ட வேண்டும் என்பது அந்த விதி.

கேட்க எளிது. செய்வது கடினம். ஒரு வியூ மேலூர் தாலுகாவின் மொத்த நெல் விளைச்சலைக் காட்டுகிறது. 500 மூட்டை. ஒருவர் அந்த 500-ஐ அழித்து 510 என்று எழுதுகிறார். அந்த 10 மூட்டையை எந்த விவசாயியின் கணக்கில் ஏற்றுவது? யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட காட்சியைத் திருத்தவே முடியாது. எது திருத்தக்கூடியது, எது திருத்த முடியாதது என்று யந்திரம் முழுமையாகக் கண்டுபிடிப்பதும் பெரிய சிக்கல். இந்த விதியை முற்றிலும் நிறைவேற்றிய சரக்கை எட்கர் தம் வாழ்நாளில் பார்க்கவில்லை.

திரை எப்படிப் புதுசாகிறது?

கேட்ட கணத்தில் வியூ காட்டுவது புதிய கணக்குதான். ஆனால் புரோகிராம் அதை ஒரு முறை கேட்டு வாங்கித் திரையில் போட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு உள்ளே கணக்கு மாறினால் திரைக்கு எப்படித் தெரியும்? மல்லிகை விலைப் பலகையின் கதை இங்கேதான் மறுபடியும் வருகிறது. இதற்குப் பல வழிகள் உண்டு.

முதல் வழி, மறுபடியும் கேட்பது. திருத்தம் செய்த உடனே புரோகிராம் உள் கணக்கைத் திரும்பக் கேட்டுத் திரையைப் புதுசாக எழுதும். குறித்த நேரத்துக்கு ஒரு முறையும் கேட்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கானவர் நொடிக்கு ஒரு முறை கேட்டால் யந்திரம் திணறும். நாளைக்கு ஒரு முறை கேட்டால் கணக்கு பழசாகிவிடும். திருவிழாத் தேதி அடிக்கடி மாறாது. பூ விலை மணிக்கு மணி மாறும். பாங்கி இருப்பு எந்தக் கணத்திலும் மாறும். பொருளுக்குத் தகுந்தபடி நேரம் வைக்க வேண்டும்.

இரண்டாவது வழி, உள்ளே இருந்தே சொல்லி அனுப்புவது. கணக்கு மாறிய உடனே, மாறிவிட்டது என்று திரைக்குச் செய்தி போகும். வியாபாரி கூவினால் பையன் ஓடிப்போய்ப் பலகையைத் திருத்துவது போல.

மூன்றாவது வழி பெரிய கணக்குகளுக்கு. ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கான வரிகளைக் கூட்டிக் காட்டினால் நேரம் ஆகும். அதனால் கூட்டி வந்த விடையை எழுதி வைத்துவிடுவார்கள். இது சேமித்து வைத்த வியூ. பார்க்க வேகம் உண்டு. ஆனால் பழசாகும் ஆபத்தும் உண்டு. முழுவதையும் மறுபடி கூட்டாமல், மாறிய வரிகளை மட்டும் கொண்டு விடையைத் திருத்தும் முறையைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக அறிஞர்கள் 1986-ல் ஆராய்ந்து எழுதினார்கள். எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய போஸ்ட்கிரெஸ் என்ற சரக்கிலும் 2013-ல் சேமித்த வியூவும் அதைப் புதுப்பிக்கும் கட்டளையும் வந்தன. அங்கே புதுப்பி என்று சொன்னால்தான் அது புதுப்பிக்கும். சொல்ல மறந்தால் பழைய கணக்கே நிற்கும்.

இன்னொரு காவலும் உண்டு. ஒரு பாங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் இருக்கிறது. மதுரையில் ஒரு குமாஸ்தாவும் மேலூரில் ஒரு குமாஸ்தாவும் ஒரே நேரத்தில் திரையில் அதைப் பார்க்கிறார்கள். ஒருவர் 6,000 ரூபாய் கொடுக்கிறார். மற்றவர் 7,000 ரூபாய் கொடுக்கிறார். மொத்தம் 13,000! இதைத் தடுக்க ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். திருத்தும்போது எல்லாம் அந்த எண் ஒன்று கூடும். எழுதப் போகும்போது, பார்த்த எண்ணும் இப்போது இருக்கும் எண்ணும் ஒன்றா என்று புரோகிராம் சரி பார்க்கும். வேறாக இருந்தால், கணக்கு மாறிவிட்டது, மறுபடி பார் என்று நிறுத்திவிடும்.

எதுவும் முடியாத இடத்தில் நேரத்தையாவது காட்ட வேண்டும். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. மதுரைச் சமவெளி விவசாயிகள் அணையின் நீர்மட்டத்தைப் பத்திரிகையில் பார்ப்பார்கள். எத்தனை மணி நிலவரம் என்பதும் பக்கத்திலேயே இருந்தால், அதற்குப் பிறகு மழை பெய்திருந்தால் மட்டம் மாறியிருக்கும் என்று அவர்களே புரிந்துகொள்வார்கள். கம்ப்யூட்டர் திரைக்கும் இந்த நாணயம் வேண்டும்.

கடைசி நாட்கள்

எட்கர் முதுமையிலும் சும்மா இருக்கவில்லை. 1990-ல் தம் முறையை விரிவாக விளக்கிப் புத்தகம் எழுதினார். 2003-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி, அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில், தம் 79-வது வயதில் காலமானார்.

மதுரையை நினைத்தால் சிலப்பதிகாரம் நினைவுக்கு வரும். காற்சிலம்பு பற்றி வந்த சொல்லைப் பாண்டிய மன்னன் நம்பினான். சிலம்பை உடைத்துப் பார்க்கவில்லை. கோவலன் உயிர் போனது. பிறகு கண்ணகி சிலம்பை உடைத்தாள். உள்ளே இருந்து மாணிக்கம் தெறித்தது. மன்னன் உயிரும் போனது. வெளியே தெரிந்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறு.

ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு மாறிவிட்டது. டாக்டரின் திரையில் நேற்றைய முடிவே இருக்கிறது. நிலத்தை வாங்கியவர் பெயர் ஏறிவிட்டது. கடன் கொடுப்பவரின் திரையில் விற்றவர் பெயரே இருக்கிறது. இங்கேயும் போவது மனிதனின் உயிரும் உடைமையும்தான்.

உண்மையை ஓரிடத்தில் வை. மற்றவை எல்லாம் அதன் காட்சியாக இருக்கட்டும். உண்மை மாறினால் காட்சியையும் மாற்று. போர்ட்லண்டு தீவில் பிறந்த கடைக்குட்டிப் பையனின் வாழ்க்கை சொல்லும் பாடம் இதுதான்.

திரைக்கு முன் உட்கார்ந்து புரோகிராம் எழுதும் மதுரைப் பிள்ளைகளும் இதை நினைவில் வைத்தால் போதும். உசிலம்பட்டியில் இருந்து பூ வாங்க வரும் தாய் கூடை நிறையப் பூவோடு வீடு திரும்புவாள்.